சொர்க்கத்தில் ராத்தாவுக்கு எதிரில்

ஜூலை 3, வியாழன்

இன்று நம் வீட்டு ஹாலில் பெண்கள் பயான், மார்க்கச் சொற்பொழிவு. பேச வந்த ஆலிமா சொர்க்கத்தைப் பற்றிச் சொன்னார். உயரமான கட்டில்கள், வரிசையாகத் திண்டுகள், கையெட்டும் தூரத்தில் கிண்ணங்கள். களைப்பு என்பதே கிடையாதாம். என் முழங்கால் இரண்டும் ஆமீன் சொல்லின.

அப்புறம்தான் வந்தது வினை. அல்லாஹ் முதலில் மனசில் இருக்கிற கசப்பைப் பிடுங்கிவிடுவானாம். பிறகு எல்லோரும் எதிரெதிரே சாய்ந்து உட்காருவார்களாம்.

“எதிர்ல யாருன்னு நாமளே சொல்லிக்கலாமா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? ராத்தா மூஞ்சியைக் காலம் பூராவும் பார்ப்பது யார்?

கூடப்பிறந்த அக்காதான். பேச்சு நின்று நாலு வருஷம். அவள் மகன் கல்யாணத்தில், “நீ நம்ம ஆள்தானே” என்று பந்தியைக் கவனிக்க விட்டாள். ஊரே பிரியாணி சாப்பிட்டது. கடைசியில் எனக்கு வெறும் குஸ்கா. ஒரு துண்டு கறி இல்லை. அத்தனை பேர் பார்க்க! பேரன் பேத்தி எடுத்தவள் நான்.

ஜூலை 5, சனி

ராத்தா மக்காவுக்கு, உம்ராவுக்குப் போகிறாளாம். போகிறவர்கள் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பணும். ஆகா! ஜீவனஹள்ளியில் என் வீட்டு வாசலுக்கும் வந்துதானே ஆகணும். வரட்டும்.

ஜூலை 7, திங்கள்

வரவில்லை. அவள் இருக்கும் டேனரி ரோட்டில் ஒரு வீடு விடவில்லையாம். பால்காரரிடம்கூட மன்னிப்புக் கேட்டாளாம்.

ஜூலை 8, செவ்வாய்

நாளைக்கு வருகிறாளாம். பேத்தி தஸ்லீமாவை சோபாவில் திண்டெல்லாம் அடுக்கச் சொன்னேன். நான் அதில் சாய்ந்திருப்பேன். எதிரே ராத்தாவுக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல்.

“நன்னி, இது நல்லாவா இருக்கு?”

ரொம்ப நல்லா இருக்கு என்றேன்.

ஜூலை 9, புதன்

டீ போடச் சொல்ல நான் உள்ளே போன நேரம் பார்த்து வந்தாள். நேரே சோபா. திண்டில் சாய்ந்து காலையும் நீட்டிவிட்டாள். ஸ்டூலில் நான்! தஸ்லீமா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஓடினாள்.

“உன் வீட்டைக் கடைசியா வெச்சுக்கிட்டேண்டி. மத்தவங்ககிட்ட கேக்கறது சுலபம்” என்றாள் ராத்தா. “அன்னிக்கு உனக்குன்னு கறி எடுத்துதான் வெச்சேன். சம்பந்தி ஆளுங்க இன்னும் நாலு பேர் வந்து நின்னுட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டேன். மன்னிச்சுடு.”

எடுத்து வைத்தாளா? எனக்கென்றா? அதை இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன் — பாதி விளையாட்டுக்கு. அவள் முகம் செத்துப்போச்சு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

நாளைக்கு ஃப்ளைட். நான் மன்னிச்சேன் என்று சொல்லாமல் அவள் எந்த முகத்தோடு போய்க் கஃபா முன்னால் நிற்பாள்? எனக்கு என்ன திமிர்! சோபாவும் திண்டும் எனக்கு ஒரு கேடா!

இந்த வாரப் பயான் வேறொரு வீட்டில்; நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்றே, சாயந்திரம்

ராத்தா வீட்டு வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், மூச்சு வாங்க வாங்கச் சொல்லிவிட்டேன். “மன்னிச்சுட்டேன். நீயும் என்னை மன்னிச்சுடு.”

“சத்தம் போடாதே, செருப்பைக் கழட்டிட்டு வா. இந்தப் பெட்டி மூட மாட்டேங்குது. மேல ஏறி உட்காரு” என்றாள். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

ஏறி உட்கார்ந்தேன். குனிந்து பூட்டினாள். பூட்டின பிறகும் என்னை இறங்கச் சொல்லவில்லை. எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, சம்பந்தியம்மாவைப் பற்றி ஆரம்பித்தாள். நானும் இறங்கவில்லை.