மெஷின் பழுதில்லை, தம்பி

ஒரு சத்தத்தையும் வீணாகப் போகவிடாத என் செல்லத் தம்பி சுகுமார்,

போன சனிக்கிழமை உன் படத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் குழப்பினேன் என்பதுதான் சரி. டுசல்டோர்ஃப்பில் ஒரு சின்ன மண்டபம். திரையில் ஒரு செங்கல் சுவர், அதில் வெயில் மெல்ல ஏறுகிறது. சத்தம் ஒன்றும் இல்லை. நானும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழும்பிப் போய், படம் ஓட்டுகிற பெட்டையிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் "மெஷின் பழுது" என்றேன். மெல்லமாய்ச் சொன்னதாகத்தான் நினைப்பு. முன்வரிசை வரைக்கும் திரும்பிப் பார்த்தது.

பழுதில்லை, இதுதான் இசை என்றாள் அவள். என் மகள் தர்சினி கதிரைக்குக் கீழே போய்விடுவாள் போல இருந்தாள்.

உனக்குச் சிரிப்பு வரும். கணக்கியல் படிக்க மெல்பேர்னுக்குப் போனவன், படிப்பை விட்டுவிட்டுத் தகரத்தில் வில் இழுத்து வாசிக்கிறாய் என்று அறிந்தபோது, "தம்பி மியூசிக்கிலை இருக்கிறார்" என்று சொல்லிச் சமாளித்தேன். கோயில் திருவிழாவில் சிவம் அண்ணை பிடித்துக்கொண்டார்.

"உம்மடை தம்பி சாமத்தியவீட்டுக்கு வாசிப்பாரோ?"

"வாசிப்பார் அண்ணை. ஆனா சனம் சாப்பிடாமல் எழும்பிப் போயிடும்."

"அப்ப நல்லதுதானே, சாப்பாடு மிச்சம்."

நீ அனுப்பிய கசெற்றுகளில்தான் உன் வளர்ச்சியைக் கேட்டேன். பழைய பிரிஜ்ஜின் இரைச்சலை வைத்து ஒரு கச்சேரி. கைவிட்ட கம்பளிக் கிடங்கில் இன்னொன்று, கேட்க வந்தவர்களைவிட வாசித்தவர்கள் கூடவாம். பிறகு கமரா வாங்கி, கதையே இல்லாத படங்கள். சிட்னியில் பரிசு வாங்கிய மறுநாளும் உணவகத்துக்குக் கோப்பை கழுவத்தான் போனாய். "பரிசு தந்தவைக்கும் படம் விளங்கேல்லை அண்ணா" என்று சிரித்தாய்.

பதிலுக்கு நான் கசெற் பதிந்து அனுப்பிய இடம் உனக்குத் தெரியும். அகதி விடுதியில் ஒரு அறையைச் சீலை கட்டிப் பிரித்து இரண்டு குடும்பம் இருந்தோம். தனியாகக் கதைக்க உடுப்புத் தோய்க்கிற கெல்லர்தான், நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. தோய்க்கிற மெஷின் சுற்றும்போது கதைப்பேன். அது நின்றால் மேலே கேட்டுவிடும் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரும்பச் சுற்றினால் தொடங்குவேன்: சுகமாய் இருக்கிறம், குளிர் பழகிட்டுது, வழக்கு நடக்குது.

நீ டுசல்டோர்ஃப்புக்கு வாசிக்க வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ரயிலில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. ஆனால் வழக்கு முடியாத அகதி மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். கச்சேரி அவசியமான காரணம் இல்லை என்றான் அனுமதி தருகிற கந்தோர்க்காரன். தம்பியின் கச்சேரி என்றேன். தம்பியின் கச்சேரியும்தான் என்றான். அன்று போனில் உன் குரல் பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கேட்டது.

"அண்ணா, களவாய் ரெயின் ஏறுங்கோ. விடிய எனக்குப் பிளேன்."

"பிடிச்சால் வழக்குக்குக் கூடாதடா. பிள்ளையும் இருக்கு."

விடிய நீ பிளேன் ஏறிவிட்டாய்.

போன வருடம் காய்ச்சல் என்று படுத்தாய், எழும்பவில்லை. உன்னை வழியனுப்ப வர என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. இப்போது உன் நினைவாகப் படம் போடுகிறார்கள் என்று அழைப்பு வந்தது. அதே கந்தோர், அதே மனிதன். செத்தவீட்டு விசயம் என்றதும் ஒரு நாள் அனுமதி குத்தித் தந்தான். உயிரோடு வந்த தம்பியைப் பார்க்க ஏலாது, செத்த தம்பியைப் பார்க்கலாம்.

அப்படித்தான் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து இருந்தேன். கொஞ்ச நேரத்தால் படத்தில் குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். தர்சினி என் கையைப் பிடித்தாள். "அப்பா, அது நீங்கள்."

என் கசெற்றுகளில் நான் கதைத்தது முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, மெஷின் நின்ற இடங்களை மட்டும் ஒட்டியிருக்கிறாய். நான் மூச்சுப் பிடித்து நின்ற இடங்களை. "சுகமாய் இருக்கிறம்" ஒன்றுகூட இல்லை. உனக்கு எப்போதடா விளங்கியது? அந்தப் போன் கதைக்கு முன்னமா, பிறகா?

முடிந்ததும், இருமினது நான்தான் என்று தர்சினி சொல்ல, அந்தப் பெட்டை எல்லாருக்கும் முன்னால் என்னிடம் ஏதோ கேட்டாள்.

"அந்த இடங்களிலை என்ன சொல்ல நினைச்சுக்கொண்டு நிண்டனீங்கள் எண்டு கேக்கிறா, அப்பா."

"சவர்க்காரம் காணுமோ எண்டு யோசிச்சவர் எண்டு சொல்லு."

சொன்னாள். மண்டபம் சிரித்தது. தர்சினி சிரிக்கவில்லை.

அனுமதி அன்றோடு முடிவதால் தேத்தண்ணிக்கும் நிற்காமல் ரயில் ஏறினோம். வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போது எங்களுக்குத் தனி வீடு, கீழே அதேமாதிரி ஒரு கெல்லர். அங்கே உனக்கு ஒரு கசெற் பதிவேன், மெஷினைப் போடாமல். மேல்வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும் என் வாய்வரை வந்து நின்றதுதான் அதில் முதலாவதாக இருக்கும்:

இஞ்சை இருக்க ஏலாதடா. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

உன் படத்தில் இருமுகிற,
அண்ணா