நான் கூப்பிட்டு வந்தவள்

பிப்ரவரி 3, திங்கள்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. நாளை மறுநாள் முதல் டிக்கெட் கவுன்டர். மிருகக்காட்சி சாலையின் புது இயக்குநர் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஒரே பிரிவுல மூணு வருஷத்துக்கு மேல யாரும் இருக்கக் கூடாதும்மா. நீங்க சிம்பன்சிங்களோட இருபத்தொரு வருஷம் இருந்துட்டீங்க." ஏதோ நான் வாடகை வீட்டைக் காலி பண்ணாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

என் இடத்துக்கு மான் பிரிவிலிருந்து ஒருவர் வருகிறார். என் வயதுதான் இருக்கும், நல்ல மனிதர். ஆனால் மான் மிரண்டால் ஓடும், அவ்வளவுதான். சிம்பன்சி உட்கார்ந்து யோசிக்கும். இதை யார் அவருக்குச் சொல்வது? நானா? நான் ஏன் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 4, செவ்வாய்

பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு கேட்டார்கள். நாலு வரி எழுதினேன். சிம்பன்சிகள் ஐந்து. ஐந்தும் நலம். தீவன அளவு பலகையில் உள்ளது. சாவிகள் ஏழு. கீழே கையெழுத்து.

மான்காரர் படித்துவிட்டு, "வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமாங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் அதுலயே இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரர் தையல் மிஷினை விட்டுத் தலையைத் தூக்காமல், "இனிமே குரங்கு வாடை இல்ல, சோப்பு மிச்சம்" என்றார். வழக்கமாகச் சிரித்துவிடுவேன். இன்று பேசாமல் போய்ப் படுத்தேன். "சரிதான், ராங்கி கோணியைப் போத்திக்கிட்டா" என்றார்.

ராங்கி அந்த ஐந்து சிம்பன்சிகளில் ஒருத்தி, பதினொரு வயது. தாய் சேர்க்காததால் நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். கோபம் வந்தால் கோணிப்பையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கூண்டின் மேல்பலகையில் படுத்துவிடுவாள். அசையவே மாட்டாள். கீழேயிருந்து பார்த்தால் வெறும் கோணி கிடக்கிற மாதிரிதான் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. குறிப்பில் நான் எழுதவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கவுன்டரில் ஒரு அம்மாள், "குரங்கெல்லாம் எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

சாப்பாட்டு நேரத்தில் அகழி ஓரமாகப் போனேன். தண்ணீருக்கு நடுவே, சிம்பன்சிகளைப் பகலில் விடும் தீவில் நாலு பேர்தான் இருந்தார்கள். மான்காரரிடம் கேட்டேன். "ராங்கி தினமும் உள்ளேயே படுத்துக்குது. மத்தியானத்துக்கு மேலதான் வெளிய வருது. உங்களைத் தேடுது போல" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். கதவைத் திறப்பதற்கு முன்னால் ஐந்து முகத்தையும் எண்ண வேண்டும், கோணியைக் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும் என்று. அவராகவே கேட்கட்டும் என்று திரும்பிவிட்டேன். என்ன வீம்பு இது?

பிப்ரவரி 27, வியாழன்

ராங்கி இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நேற்று காலை பத்தரை மணி. மான்காரர் தீவைப் பார்த்திருக்கிறார், நாலு பேர். ஐந்தாவது புதருக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். கூண்டுக்குள் பார்த்தார். யாரும் இல்லை, மேலே ஒரு கோணி. கழுவுவதற்குக் கதவைத் திறந்து தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு நுழைந்தார். கோணி எழுந்து அவரைத் தாண்டி வெளியே போய்விட்டது.

கவுன்டருக்கு ஆள் ஓடி வந்தான். நான் போனபோது கூட்டத்தை வெளியேற்றிவிட்டார்கள். தீவுக்கு எதிரே ஐஸ்கிரீம் கடைக் கூரையில் உட்கார்ந்திருந்தாள், நடுங்கிக்கொண்டு. மயக்க ஊசி போடும் டாக்டர் விடுமுறையில். துப்பாக்கியோடு காவலர் நின்றார், பக்கத்தில் இயக்குநர். "பத்து நிமிஷம் குடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். கொடுத்தார்கள்.

கூரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கூண்டுக்குள் கூப்பிடுகிற அதே குரலில், "வாம்மா... வா வா" என்றேன். தீவில் இருந்த நாலு பேரும் கரைக்கு வந்து நின்றார்கள், நேரமாகிவிட்டது என்று நினைத்து.

இறங்கினா. முதுகு காட்டி உக்காந்திருந்த நான் பாக்கல, அப்புறம்தான் சொன்னாங்க: இறங்குனவ நடந்து வரல — ரெண்டு கால்ல நிமிர்ந்து, முடியெல்லாம் சிலிர்த்து, ரெண்டு கையும் விரிச்சுக்கிட்டுக் கத்திக்கிட்டே ஓடி வந்தா. பயந்தா அப்படித்தான் வருவா. வந்து கழுத்தைக் கட்டிக்குவா. எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும் — முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? ஓடி வருவா, சுட்டுடாதீங்கன்னு ஒரு வார்த்தை? அதையும் சொல்லலையே நான்!

துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். எனக்கு நாலடி தூரத்தில் விழுந்து கிடந்தாள்.

காவலர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அழுதார். "உங்க மேல பாயுதுன்னு நெனச்சேன்மா." அவரை என்ன சொல்வது? பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்காரர் தையல் கடையைத் திறக்கவில்லை. நாள் முழுக்க என் பக்கத்திலேயே இருந்தார். ஒரு கிண்டல்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்

விசாரணை. மான்காரரை வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. வெளியே பெஞ்சில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

என் நாலு வரியை மேஜையில் வைத்திருந்தார்கள். "கோணி விஷயத்தை இவருக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்றால் போதும், எல்லாருக்கும் நல்லது. "மறக்கல. கோவத்துல சொல்லல. அவரு ரெண்டு தடவை வழி விட்டாரு, ரெண்டு தடவையும் நான் வாயைத் திறக்கல" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

எனக்கு எழுத்துமூலக் கண்டனம். மான்காரருக்கு எச்சரிக்கை மட்டும், வேலை நிலைத்தது. அதோடு என்னைச் சிம்பன்சி பிரிவுக்கே திருப்பிப் போட்டுவிட்டார்கள், அவரோடு சேர்ந்து இரண்டு பேராக. "உங்களை மாத்தினது என் தப்பு. அனுபவத்துக்கு விலையே கிடையாதும்மா" என்றார் இயக்குநர். கேட்க எரிச்சலாக இருந்தது. அனுபவம் அன்றைக்கும் என்னிடம்தானே இருந்தது?

ஒரு நோட்டு வாங்கி வந்தேன். யார் எப்போது முறைப்பார்கள், யார் எந்தக் கையால் கல்லெறிவார்கள், யார் பயந்தால் எப்படி ஓடி வருவார்கள் — முப்பது பக்கம் தாண்டிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

நாலு மணிக்குக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. முதல் நாள், போகட்டும்.

மார்ச் 24, திங்கள்

இன்றும் வரவில்லை. "வாம்மா" என்று வாயெடுத்ததும் நாலு பேரும் தீவின் அந்தக் கோடிக்குப் போய்விடுகிறார்கள். பெரியவன், என் கையிலிருந்துதான் பழம் வாங்குவேன் என்று அடம்பிடித்தவன், முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறான். இருட்டும்வரை அகழி ஓரத்தில் நின்றேன். அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். நான் கூப்பிட்டேன், அவள் வந்தாள், விழுந்தாள். அதைத் தவிர அவர்களுக்கு வேறென்ன தெரியும்?

ஏப்ரல் 2, புதன்

நேற்று ஜுரம், வேலைக்குப் போகவில்லை. இன்று மான்காரரிடம், "நேத்து சாயங்காலம் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

அவர் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வந்தாங்க. ஒரு தடவைதான் கூப்பிட்டேன்" என்றார்.

நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். கதவு, எண்ணுவது, கழுவுவது, மருந்து எல்லாவற்றுக்கும் கூட இருப்பேன். நாலு மணிக்கு மட்டும் தீவனக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் உள்ளே வந்து படுத்த பிறகு அவர் வந்து தட்டுவார்.