பக்கத்து மணியைக் கழித்த பிறகு

அன்புள்ள சாராளுக்கு,

கர்த்தர் தயவில் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் பென்னியின் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன கோடையில் கவரைப்பேட்டை கிடங்கில் நம் கம்பெனி என்சைம் பவுடர் சூடு தாங்காமல் வீணானதே, அதற்குப் பதிலாகப் புதியதை இங்கே புனே ஆய்வகத்தில் சோதிக்கிறோம். என்சைம் ஒரு புரதம். அமினோ அமில மணிகள் கோத்த சரம். சரம் மடிந்து, தூரத்து மணிகள் ஒன்றையொன்று தொட்டால்தான் சூடு தாங்கும். என்னோடு வேலை செய்யும் கடம்பத்தூர்ப் பெண் ஸ்நேகா கம்ப்யூட்டரில் தொடுதல்களை எண்ணிவிட்டு, "அண்ணே, செம்ம கெட்டி! ஊருக்குக் கெளம்புங்க" என்றாள்.

"பக்கத்துல கோத்த மணி எப்டியும் தொடும். அதையுமா சேத்து எண்ணிக்கினு இருக்க?" என்றேன்.

"ஐயோ, கழிக்க மறந்துட்டேன்!" என்று நாக்கைக் கடித்தாள்.

கழித்ததும் பாதிகூடத் தேறவில்லை. வேறு என்சைம் பார்க்க வேண்டும். நான் வாயை மூடியிருந்தால் கிறிஸ்துமஸுக்கு வந்திருப்பேன். கோடையில் சரக்கு மறுபடி வீணாகியிருக்கும். இனி பிப்ரவரிதான், சாராள்.

கறிவேப்பிலைப் பொடியும் இரண்டு கைலியும் அனுப்பு. உன் தலையணையையும் கட்டிக் கொடு. பென்னி ஹாரன் அடிக்கிறான். தலையணை உறையைத் துவைக்காதே, அப்படியே அனுப்பு.

உன்
ஸ்டீவன்