முதல் எஞ்சினின் நெருப்பு

அண்ணனுக்கு,

இல்லை, அப்பாவை இன்னும் முழுசாகக் கரைக்கவில்லை. போன சனிக்கிழமை வரை அவர் சாம்பல் சமையலறை அலமாரியில், தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. நம் பள்ளத்தாக்கில் ரயில் திரும்ப ஓடும் நாளில், முதல் நீராவி எஞ்சினின் நெருப்பில் தன்னைப் போடச் சொல்லியிருந்தார். அவருடைய ரயில் மீட்புச் சங்கத்தில் பலரும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

செவ்வாயன்று உள்ளாட்சி சபை முடிவெடுத்துவிட்டது. ரயில் பாதை இருந்த நிலத்தில் வீடுகள் வரப்போகின்றன.

ஆனாலும் சனிக்கிழமை எல்லோரும் வழக்கம்போல பழைய பாதையில் முட்செடி வெட்ட வந்துவிட்டார்கள். வரவேண்டாம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. நான் சாம்பலை எடுத்துக்கொண்டு போனேன். கெத்தின் மாமா பார்த்துவிட்டார்.

"என்ன புள்ள, உங்கப்பன் டிக்கெட் எடுத்தானா?"

"அவர் என்னைக்கு எடுத்தார் மாமா?"

"சரி, ஏத்து."

இத்தனை வருடத்தில் அவர்கள் போட்ட தண்டவாளம் ஒரு தெரு நீளம்கூட இல்லை. தண்டவாளத் தள்ளுவண்டியில் அப்பாவை வைத்து மழையில் மெல்லத் தள்ளினோம். ஐர்லிஸ் அத்தை பச்சைக் கொடி காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. தண்டவாளம் முடிந்த இடத்தில் வண்டி நின்றது. கெத்தின் மாமா தொப்பியைக் கழற்றினார்.

"இறங்குடா, கடைசி ஸ்டேஷன் வந்திருச்சு."



பாதியை அங்கே தூவினேன். மீதி உன்னுடையது. மெல்போர்னிலிருந்து டிக்கெட் விலை அதிகம் என்று தகனத்தின்போது நீ போனில் சொன்னது நினைவிருக்கிறது. அவசரமில்லை.

வீட்டுக்கு வந்து, முட்செடி வெட்ட நான் போட்டிருந்த அப்பாவின் கையுறைகளை அடுப்பருகே காயப் போட்டேன். அடுத்த சனிக்கிழமைக்கு வேண்டும்.

உன் தங்கை