அத்தானுக்குக் கிடைத்த பட்டம்

2010 மே 4, செவ்வாய்
காலையில் மழை. ரயில் பிந்தியது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

வேலை: பழைய கூட்டக் குறிப்புகளை ஸ்கேன் செய்வது. காப்புறுதிக் கொம்பனிக்கு ஆண்டு விழா, அதற்கொரு வரலாற்றுப் புத்தகம். மூன்று மாத ஒப்பந்தம். நிலக்கீழ் அறை, ஜன்னல் இல்லை.

தொடங்கியவர்கள் குவேக்கர்கள். போருக்குப் போகாத, சத்தியம் செய்யாத கிறிஸ்தவர்கள். அவர்கள் போட்ட முதல் விதி: ஆயுதம் ஏந்துபவருக்குக் காப்புறுதி இல்லை.

விதி இன்னும் இருக்கிறது. போன வருடம் செத்துப்போன அத்தானின் பொலிசியில் பதினான்காம் பக்கம். ஆம், இதே கொம்பனி. வேலை ஏஜென்சி என்னை இங்கே அனுப்பியது தற்செயல். இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.

மே 6, வியாழன்
முதலாம் உலகப் போர்ப் பெட்டி. தூசி, தும்மல். குவேக்கர் வீட்டுப் பிள்ளைகளே பட்டாளத்தில் சேர்ந்து செத்திருக்கிறார்கள். விதிப்படி ஒன்றும் கிடையாது. இயக்குநர்கள் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தார்களாம். அது அவர்கள் வழக்கம். பிறகு ஒரே வரி: விதவைகளுக்குக் கொடுப்போம், விதி விதியாகவே இருக்கட்டும். பொருளாதார மந்தம் வந்தபோது சந்தா கட்ட முடியாத யாரையும் வெட்டவில்லை. தங்கள் சம்பளத்தை வெட்டிக்கொண்டார்கள்.

மேலாளர் ஹெலன்: "அழகான கதை. இரண்டு பக்கம் கொடு, படத்தோடு."

படத்தோடு! நாலாம் மாடியில், அத்தானின் காப்புறுதிப் பணம் கேட்டு அக்கா போட்ட கோப்பு எட்டு மாதமாகக் கிடக்கிறது.

மே 9, ஞாயிறு
புறநகர் நோபல் பார்க், அக்கா வீடு. குழாய் திருத்தினேன். வீட்டுக் கடனுக்கு வங்கியிலிருந்து இன்னொரு கடிதம். "வீட்டை வித்துப்போட்டு எங்கயடா போறது?" குசினித் தரைக்கு ஓடு பதித்தவர் அத்தான். அந்த ஓடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அத்தான் இங்கே ரயில் பட்டறையில் வேலை செய்தவர். தாயைக் கூட்டிவர வன்னிக்குப் போனார், போரில் பாதை பூட்டுப்பட்டது. நிவாரணக் கஞ்சி வரிசையில் நிற்கையில் ஷெல் விழுந்து செத்தார். கையில் இருந்தது சட்டி. மரணச் சான்றிதழ் யார் தருவது? தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒட்டிய அஞ்சலி நோட்டீஸில் பெயர், திகதி, இடம், படம் எல்லாம் இருந்தன. அதையே அத்தாட்சியாக அனுப்பினோம். அனுப்பியவன் நான்.

சங்கத் தலைவர் சிவம் அங்கிள் வந்தார். கதிரையில் இருக்க முதலே தொடங்கிவிட்டார்.
"என்ன தம்பி, வெள்ளைக்காரன்ர குப்பையைக் கிளறுறியாம்?"
"வரலாறு, அங்கிள்."
"அப்ப எங்கட வரலாற்றை ஆர் எழுதுறது?"
"நீங்கள்தானே மாசம் ஒருக்கா நோட்டீஸ் எழுதி ஒட்டுறியள்."
அக்கா முறைத்தாள்.

மே 11, செவ்வாய்
நாலாம் மாடிக் கிளெய்ம் பிரிவிலிருந்து கிரெக் கீழே வந்தான். கையில் அத்தானின் நோட்டீஸ். "இது உன் மொழிதானே? மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் போகும். என்ன இருக்கிறதென்று எழுதிக் கையெழுத்து வை. சத்தியமெல்லாம் வேண்டாம். இங்கே அது வழக்கமில்லை."

படத்துக்குக் கீழே: 'களத்தில் வீரமரணம் எய்திய போராளி.'

அனுப்பும்போது கண்ணில் படவே இல்லை. அந்தச் சுவரில் எல்லோருக்கும் அதே வரி. கஞ்சிக்கு நின்றவருக்கும் அங்கிள் கொடுத்த மரியாதை அது. எங்கள் ஆட்களுக்குச் சும்மா சாக அனுமதியில்லை.

பெயர், திகதி, இடம் எழுதினேன். அந்த வரியை விட்டுவிட்டேன். பொய் சொன்னது நோட்டீஸ், நான் அல்ல. கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

மே 14, வெள்ளி
வெயில், குளிர். கிரெக் லிஃப்டில்: "திங்கள் முடிவு. பிரச்சினை ஒன்றும் தெரியவில்லை." மதியமே அக்காவுக்குப் போன். அழுதாள்.

விட்ட வரியைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை. அந்த நோட்டீஸின் இன்னொரு பிரதியைப் பிரேம் போட்டுச் சாமித்தட்டில் வைத்திருக்கிறாள். எப்படிச் சொல்வது? திங்களுக்குப் பிறகு பார்க்கலாம்.

மே 17, திங்கள்
பத்து மணிக்கு நாலாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு தாள். ஒன்று என்னுடையது. மற்றது சங்கத்தின் கடிதத்தாள், நல்ல ஆங்கிலம், ஒன்றரைப் பக்கம்: இறுதி மூச்சுவரை ஆயுதம் ஏந்திக் களத்தில் நின்ற வீரர். கீழே சிவம் அங்கிளின் கையெழுத்து, சங்க முத்திரை.

"எது உண்மை?" என்றான் கிரெக். கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.
"என்னுடையது. அவர் துவக்கைத் தொட்டதே இல்லை."
"உனக்கு எப்படித் தெரியும்?"
சொன்னேன். என் அக்காவின் புருசன்.

கோப்பில் 'நிராகரிப்பு' என்று எழுதிவிட்டு, என் வேலை அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டான். முதலாம் உலகப் போர் விதவைகளைப் பற்றிச் சொன்னேன், கூட்டக் குறிப்பின் பக்க எண்ணோடு. "புத்தகம் வந்ததும் வாசிக்கிறேன்" என்றான்.

ட்ராம் தரிப்பிடம். மூன்று ட்ராம் போய்விட்டது, ஏறவில்லை. அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, உனக்கொரு விசயம் சொல்லேல்ல. முடிவெடுக்கிற நேரம் ஒரு சப்போர்ட் இருந்தா நல்லதெண்டு அங்கிளிட்டக் கேட்டனான். மனுசன் வெள்ளிக்கிழமையே ஃபாக்ஸ் அடிச்சுப்போட்டாராம். வாசிச்சுக் காட்டினவர், எனக்கு அழுகையே வந்திட்டுது. இனி அவையள் மறுக்கேலாதாம். ஆட்டிறைச்சி எடுத்து வச்சிருக்கிறன். நேர இங்க வாறியோ?"

"ஓம், வாறன்."