பாதியாகப் பதிந்த எண்ணெய்

செவ்வாய் நிலையம், நாள் 411, காலை 9.10

இந்தப் பாசி யாருக்காக எண்ணெய் சேர்க்கிறது? இருபத்திரண்டு ஆண்டுகளாக இதை ஆராய்கிறேன், எனக்குத் தெரியாது. உரத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் செல்லுக்கு வெளியே எண்ணெயைக் கசியவிட்டு, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மிதக்கிறது. சேர்த்ததைத் தானே தின்ன அதனால் முடியாது. பூமியின் நன்னீர்க் குளங்களிலும் இப்படித்தான்.

இங்கே இந்தப் பாசித் தொட்டிதான் நிலையத்தில் எங்கள் இருவருக்கும் மூச்சு. எண்ணெய் ஜெனரேட்டருக்கு.

தொட்டி: ஆரஞ்சு நிறம், 23 டிகிரி. எண்ணெய்: அளவுமானியில் 62 லிட்டர். பதிந்தது 31. கொத்துகளுக்குள் இருப்பதை மானி மிகைப்படுத்தும் என்பது என் சந்தேகம். சரிபார்த்ததில்லை. எப்போதும் பாதிதான் பதிகிறேன்.

மெக்கானிக் ஜெபஸ்டின் பனிக்கட்டி வெட்ட ஊர்தியில் வடக்கே போயிருக்கிறார்.

நாள் 413, மாலை 3.40

புழுதிப் புயல். சூரியத் தகடுகளால் பயனில்லை. மானியில் 44; பதிந்தது 22.

ஜெபஸ்டின் 19 கிலோமீட்டர் தொலைவில். மணிக்கு இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்ட முடிகிறது. ஊர்தியில் ஆக்சிஜன் காலை ஐந்துவரை. எங்கள் கோபுரத்தின் ரேடியோ ஒலியைப் பிடித்துத்தான் வருகிறார்.

அவர் செய்தி: "யக்கா, கைய நீட்டுனா கை தெரியல. ஒங்க கோபுரம் மட்டும் கொசு மாதிரி காதுக்குள்ள ரீங்குது. அத நிப்பாட்டிராதீய."

மாலை 4.25

இருப்பு 22 என்று பூமிக்கு அனுப்பியிருந்தேன். பதில்: "தொட்டியின் சூட்டுக்கு விடியும்வரை 17 லிட்டர், கோபுரத்துக்கு 8 தேவை. இரண்டுக்கும் போதாது. தொட்டி உறைந்தால் இருவருமே இல்லை. கோபுரத்தை அணைக்கவும்."

அவருக்குச் சொன்னேன். சிரித்தார்.

"ரெண்டால பெருக்குங்கக்கா. குழம்புக்கு உப்பையே பாதி போட்டுட்டு, 'இன்னும் பாக்கணும்'னு சொல்லுத ஆளு நீங்க. எண்ணெய் கெடக்கு. நான் சொல்லுதேன்லா."

அவரிடம் ஆதாரம் இல்லை. என்னிடமும் இல்லை. கொத்துகளைப் பிழிந்து, உலர்த்தி, எடைபோட ஒரு முழு நாள் வேண்டும். கோபுரத்தை அணைத்தால் இந்தக் குளிரில் காலைவரை மீண்டும் எழாது. பேச்சும் நின்றுவிடும்.

மாலை 4.50

அவர் கடைசியாகச் சொன்னது: "சரி, அணைங்க. பிடிச்ச திசைய விடாம வாரேன். டீ போட்டு வைங்க. சீனி மட்டும் முழுசா போடணும், ஆமா."

அணைத்தேன்.

தொட்டியிலிருந்து மாதிரி எடுத்துப் பிழியத் தொடங்கினேன். இதை என்றைக்கோ செய்திருக்கலாம். அதையும் குறித்துக்கொள்கிறேன்.

நாள் 414, மாலை 5.30

நடந்தவை.

காலை 4.30: டீ போட்டேன். இரண்டு கோப்பை.

காலை 7.00: புயல் அடங்கியது.

காலை 7.20: ஊர்தியைக் கண்டேன். கதவிலிருந்து 300 மீட்டர். புழுதி மூடாத இடங்களில் சக்கரத் தடம். நிலையத்தை மூன்று முறை சுற்றியிருக்கிறார். உள்ளே இருக்கையில் ஜெபஸ்டின். ஆக்சிஜன் சுழியம். உடல் விறைத்திருந்தது.

மாலை 5.10: சோதனை முடிவு. நேற்று மாலை இருந்த எண்ணெய் 44 லிட்டர். மானி சரி.

தொட்டி நலம். 23 டிகிரி.

எண்ணெய்: மானியில் 27. பதிந்தது 27.