புழுதிராஜனைக் காப்பாற்றிய வசனம்

மைக்குக்கு முன்னால் தொங்கும் அந்த வட்டத் துணியில் இன்னும் அதிமதுர வாசனை இருக்கிறது. இன்று காலை டப்பிங் தியேட்டரில், புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்காக மைக்கின் உயரத்தைச் சரிசெய்யப் போனேன். அவள் உன்னைவிட நல்ல உயரம். துணியை நகர்த்தியபோது வாசனை மூக்கில் ஏறியது. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் ஒரு துண்டு அதிமதுரத்தை நீ வாயில் அடக்கிக்கொள்வாயே, அதேதான். அழுகை வரும் என்று நினைத்துச் சற்று நின்றேன். வரவில்லை. "தும்மல் வருதா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூவை இறுக்கினேன்.

நன்றாகத்தான் பேசுகிறாள். நம்ம பையனுக்கு இனி அவள்தான் குரல். எங்கோ தூர தேசத்தில் யாரோ வரைந்த கார்ட்டூன் பையன். முதுகில் நீலத் துணி பறக்கக் கட்டடத்துக்குக் கட்டடம் தாவி ஊரைக் காப்பாற்றுகிறவன். அவனுக்கு நான் தமிழ் எழுதினேன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த நீ, முட்டி வலியோடு மைக் முன்னால் நின்று, பன்னிரண்டு வயதுக் குரலில் அவனைப் பேசவைத்தாய். ரேஷன் கடை வரிசையில்கூடத் தெருப் பிள்ளைகள் உன்னை விடமாட்டார்கள். "ஆன்ட்டி, பையன் மாதிரி பேசுங்க" என்பார்கள். நீயும் சர்க்கரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "தீயவனே, உன் ஆட்டம் முடிந்தது!" என்று ஒரு சத்தம் போடுவாய். கடைக்காரர் எடைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

அந்தத் தமிழை நீ கிண்டல் பண்ணாத நாளில்லை. சேனல்காரர்களுக்குக் குழந்தைகள் நிகழ்ச்சியில் சுத்தத் தமிழ் வேண்டும், நான் எழுதிக்கொடுத்தேன். "இன்னாடி ரைட்டரம்மா, தெருவுல எவனாச்சும் இப்டிப் பேசுவானா? பேசுனா போறவன் வர்றவன்லாம் அப்டியே நின்னுடுவான்" என்பாய். நான் வசனத்தை வாசித்துக்காட்டினால் அதிலும் குறை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, "இன்னும் சத்தமா. மயிலாப்பூர் மாமி கோயில்ல முணுமுணுக்கிற மாதிரி கீது" என்பாய். என் குரல் சிறியதுதான். அதனால்தான் நான் எழுதப்போனேன், நீ பேசப்போனாய்.

நமக்குள் நடந்த பெரிய சண்டை புழுதிராஜனைப் பற்றித்தான். நீ அவனைப் புழுதி மாமா என்பாய். ஊர்மேல் மணற்புயலைக் கிளப்பி, ஜனங்களை உயிரோடு மூடுகிற வில்லன். பையனின் வாத்தியாரைக் கொன்றவன். ஒவ்வொரு சீசனிலும் பையன் அவனைப் பிடித்துச் சிறையில் போடுவான். அடுத்த சீசனில் அவன் தப்பி வந்து இன்னோர் ஊரை மூடுவான். கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டு, ஒரு நாள் நான் பொறுக்காமல் சொன்னேன்.

"கொன்னு தொலைக்க வேண்டியதுதானேடி? பிடிச்சுப் பிடிச்சு ஜெயில்ல போடறான், அவன் தப்பிச்சுண்டு வந்துடறான். நடுவுல செத்தவாளுக்கெல்லாம் யார் பதில் சொல்றது? இவன் கை சுத்தமா இருக்கணும்ங்கறதுக்காக ஒரு ஊரே சாகணுமா?"

நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய். "நீ சொல்றது சரிதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா கொன்னுட்டு அவன் வூட்டுக்குப் போணும்ல? அதே கையால சோறு திங்கணும்ல? அத்த எந்த எபிசோடுலயாச்சும் காட்டுவாங்களா?"

"கார்ட்டூன்டி இது."

"கார்ட்டூன் அவங்கள்து. தொண்ட என்னுது."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரைக் கொல்வது பற்றிப் பேசுகிறோம் என்று பயந்திருப்பார். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. சத்தம் நினைவில்லை, முகம் மட்டும்.

அந்த சீசனின் கடைசி எபிசோடு வந்தபோது, வரைந்தவர்களே என் கட்சிக்கு வந்துவிட்டார்கள். உயரமான தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் புழுதிராஜன் தொங்குகிறான், கீழே ஜனங்கள் கல்லோடு காத்திருக்கிறார்கள். பையன் அவன் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். வாத்தியார் முகம் ஒரு கணம் வந்துபோகிறது. பையன் விரல்களைத் திறக்கிறான். அதற்கப்புறம் பேச்சே கிடையாது. பையன் திரும்பி நிற்கிறான், நீலத் துணி பறக்கிறது, காற்றுச் சத்தம் மட்டும்.

நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாய். உடம்பு சரியில்லையோ என்று இன்ஜினியர் பையன் எட்டிப்பார்த்தான். நீ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்துச் சொன்னாய், "முதுகுடி."

நம் தொழிலில் அது பெரிய சலுகை. முகம் தெரிந்தால் உதட்டசைவுக்குள் தமிழை அடக்க வேண்டும். ஒரு எழுத்து கூடினாலும் தெரிந்துவிடும். முதுகு காட்டிவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை. எத்தனை முதுகுகளில் நாம் ஜோக்கும் தும்மலும் சேர்த்திருக்கிறோம்! "முதுகு திரும்பிட்டா வாய் நம்மள்து" என்பது நீ எப்போதும் சொல்வது. அன்றைக்கு அந்த முதுகில் ஓர் உயிரையே காப்பாற்றச் சொன்னாய். "படத்துல அவன் கைய விட்டுட்டான். அத்த நாம இன்னா பண்ணமுடியும்? ஆனா கீழ வுழுந்தவன் செத்தான்னு யார் சொன்னது? எழுதுடி."

எழுதினேன். ஒப்புக்கொண்டு எழுதவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று எழுதினேன். நீ மூச்சை இழுத்துப் பையனாகப் பேசினாய்: "நிறுத்துங்கள்! இவனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது! யாராவது ஆம்புலன்ஸை அழையுங்கள்!"

உலகம் முழுவதும் புழுதிராஜன் செத்துப்போனான். தமிழில் மட்டும் பிழைத்துக்கொண்டான். அடுத்த சீசனில் பையன் அவன் சமாதிக்கு முன்னால் போய் நின்றபோது நம் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கல்லில் இருந்த எழுத்து நம் ஊர்க் குழந்தைகளுக்குப் புரியாது என்கிற தைரியத்தில், "வாத்தியாரே, உங்களை மறக்க மாட்டேன்" என்று எழுதி அதை வாத்தியாரின் சமாதியாக்கினோம். இன்றுவரை ஒரு குழந்தையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கடலோரத்து ஊரூர் குப்பத்துக்கு மீன் வாங்க வருவாய். கோடம்பாக்கத்தில் மீன் கிடைக்காதா என்றால், ஃப்ரெஷ்ஷா கிடைக்காது என்பாய். உண்மையில் நான் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதற்காகத்தான் என்னையும் இழுத்துப்போனாய் என்று நினைக்கிறேன். அந்தக் கடைசி ஞாயிறன்றும், அக்கா என்று நீ கூப்பிடும் மீன்கார அம்மாவிடம் வஞ்சிரம் பேரம் பேசினாய். அவளும் பஸ் ஏற வேண்டும் என்று கூடையோடு நம்முடன் நடந்து வந்தாள். கடற்கரைச் சாலைக்கு வந்தோம். நான் உள்பக்கம், நீ வெளிப்பக்கம். பின்னால் வந்த காரை நான் பார்க்கவே இல்லை.

ஓட்டியவனுக்கு உன் மகளைவிடச் சின்ன வயது. ராத்திரி குடித்தது தெளியாமல் காலையில் வண்டியை எடுத்திருக்கிறான். ஜனங்கள் அவனைக் காரிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். ரவுடிகள் இல்லை. நடக்க வந்தவர்கள், விலையுயர்ந்த ஷூ போட்டவர்கள். ஞாயிறுதோறும் நமக்கு வணக்கம் வைக்கும் பெரியவர் கைத்தடியால் அவன் தலையில் அடித்தார். உன் தலை அந்த அம்மாவின் மடியில் இருந்தது, உன் கை என் கையில் இருந்தது. அவன் முதலில் கத்திக்கொண்டிருந்தான். பிறகு கத்தவில்லை.

நான் உன் கையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

கருணையால் எழவில்லை. அந்த நிமிஷம் அவன் சாகட்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் எழுந்து போனேன். கூட்டத்துக்குள் நுழைந்தேன். வாயைத் திறந்தேன். என் வீட்டுத் தமிழ் வரவில்லை, உன் தெருத் தமிழும் வரவில்லை. "நிறுத்துங்கள்! இவனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது! யாராவது ஆம்புலன்ஸை அழையுங்கள்!" என்றேன். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். நீ சொன்னபடியே எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கைத்தடி பெரியவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்த மாதிரி பார்த்தார்.

திரும்பி வந்தபோது உன் கை நான் வைத்த இடத்திலேயே இருந்தது. "போயிடுச்சும்மா" என்றாள் அந்த அம்மா. ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. உனக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த அன்று உன் மகள் என்னை மாடிப்படி ஓரமாக அழைத்துப்போனாள். அழுது முடித்த முகம். "பெரிம்மா, அவன அடிச்சுக் கொல்லாம தடுத்தீங்களே, அதக்கூட நான் கேக்கல. அம்மா கைய ஏன் விட்டீங்க?" என்றாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அவள் என் போனை எடுப்பதில்லை.

அந்தக் கேள்வியோடுதான் இத்தனை மாதமும் இருக்கிறேன். டீக்கடையில் நாம் எத்தனை பேசினோம்! வில்லனைக் கொல்லலாமா, கூடாதா என்று. அவனைக் காப்பாற்றப் பையன் ஓடும்போது யார் கையை விட்டுவிட்டு ஓடினான் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதை எந்த எபிசோடிலும் காட்டவில்லை.

கார் ஓட்டியவனைக் கோர்ட்டில் பார்த்தேன். ஒரு காலை இழுத்து நடக்கிறான். அவன் அம்மா முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். கோபம் வருகிறதா என்று எனக்குள் தேடிப்பார்த்தேன். இல்லை. நல்ல காரியம் செய்தோம் என்கிற எண்ணமும் இல்லை. வக்கீல் கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன், வெளியே வந்து இளநீர் குடித்தேன், இருபத்தொன்று ஜி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி குப்பத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது; மீனா வாங்கப்போகிறேன்? அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா, இத்தினி நாளா ஆளையே காணோம்? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு கெடந்தேன். நீ அங்க போய்க் கத்துனல்ல, அப்போ அதுக்கு உசுரு இருந்திச்சு. கண்ணத் தொறந்து உன் பக்கமாத்தான் பாத்திச்சு. இன்னாவோ சொல்லிச்சு. தண்ணி கேக்குதுன்னு குனிஞ்சேன். 'இன்னும் சத்தமா'ன்னு சொல்லிச்சும்மா. அவ்ளதான். எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா?"

புரிகிறது என்றேன். கூடையில் மீன்கள் இருந்தன. மூக்கை மூட மறந்துவிட்டேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் தரமணிக்குப் போய், உன் மகளின் ஆபீஸ் வாசலில் அவள் வரும்வரை நின்றேன். அந்த அம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கும் உன் முட்டி. ஒரு காலில் சாய்ந்துதான் நிற்கிறாள்.

"அம்மா சொல்லியிருப்பாங்க" என்றாள். பிறகு, "ஆனா நானா இருந்தா கைய விட்டிருக்க மாட்டேன் பெரிம்மா" என்றாள்.

அவள் சொல்வது சரி. அதையும் அவளிடம் சொன்னேன். ஆபீஸ் பஸ் வந்தது. ஏறும் முன் திரும்பி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இன்றைக்குப் புது சீசனின் முதல் எபிசோடு. ஆரம்பத்தில் முன்கதைச் சுருக்கம் வருகிறது: தண்ணீர்த் தொட்டி, மணிக்கட்டு, திறக்கும் விரல்கள், முதுகு. குரல் மாறிவிட்டதால் பழைய வசனங்களை எல்லாம் புதுப் பெண்ணே திரும்பப் பேச வேண்டும் என்று உத்தரவு. அவள் மற்றதையெல்லாம் பேசி முடித்தாள். முதுகு ஷாட் வந்ததும் ஸ்க்ரிப்டைப் புரட்டினாள். "மேடம், ஒரிஜினல்ல இங்க டயலாக்கே இல்லையே. விட்டுடலாமா?"

கொல்லலாமா, கூடாதா என்று என்னை இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது. செத்துப்போன ஊர்களுக்கு யார் பதில் சொல்வது என்கிற என் கேள்வி அப்படியே இருக்கிறது. உன் மகளின் கேள்வியும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தினமும் கோடம்பாக்கம் வந்துபோகிறேன்.

"நீ பேச வேண்டாம்மா. போய் டீ குடிச்சுட்டு வா" என்று அவளை அனுப்பினேன். இன்ஜினியர் பையனிடம், அந்த இடத்தில் மட்டும் பழைய டிராக்கைப் போடச் சொன்னேன். "குரல் மாறுமே மேடம்" என்றான். முதுகுதானே என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டான். நீலத் துணி பறந்தது. காற்றுக்கு அடியில் நீ பேசினாய். கொஞ்சம் அமுங்கிக் கேட்டது.

"இன்னும் சத்தமா வைப்பா" என்றேன்.